மொழிபெயர்ப்பு முறிந்த இடத்தில் பிறந்த காதற்கதை: மலபாரின் முதற்புதினங்களில் கதைக்கரு உருவாக்கம்

முன்னுரை

காதற்புதினம் எழுத முனையும் ஆசிரியர் முதலில் தேடுவது கதைக்கருவை. யார் யாரை விரும்புகின்றனர், அவ்விருப்பத்திற்குத் தடையாக நிற்பது எது, அத்தடை எவ்வாறு நீங்குகிறது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே கதைக்கரு உருவாக்கம் எனலாம். இத்தேடல் ஆசிரியரின் உள்ளத்தில் நிகழ்ந்து, நூல் முற்றுப்பெற்றதும் மறைந்துவிடுவது இயல்பு. ஆசிரியரே அதனை எழுத்தில் பதிவு செய்து வைத்த நிகழ்வுகள் அரியன. 1889ஆம் ஆண்டு ஒ. சந்துமேனன் எழுதிய ‘இந்துலேகா’ என்னும் மலையாளப் புதினம் அத்தகைய அரிய நிகழ்வுகளுள் ஒன்று. அந்நூலின் முன்னுரையிலும், அதனை ஆங்கிலத்தில் பெயர்த்த டூமர்க் என்பவருக்கு எழுதிய கடிதத்திலும், தாம் கதைக்கருவைத் தேடிய வரலாற்றை அவர் விரிவாகக் கூறியுள்ளார்.

‘இந்துலேகா’வுக்கு ஈராண்டுகள் முன்னர், 1887ஆம் ஆண்டு, ‘குந்தலதா’ வெளிவந்தது. அதன் ஆசிரியர் அப்பு நெடுங்காடி இன்றைய பாலக்காடு மாவட்டத்தின் ஒற்றப்பாலம் பகுதியிற் பிறந்தவர். இவ்விரு நூல்களும் காதற்கதைகள். இரண்டும் ஆங்கிலக் கல்வியின் விளைவுகள். ஆயினும் கதைக்கருவைக் கண்டடைந்த வழியில் அவை வேறுபடுகின்றன. இவ்வேறுபாட்டையும், சமகாலத் தமிழ்ப்புதினங்களுடன் அவற்றிற்குள்ள உறவையும் இக்கட்டுரை ஆராய்கிறது. காதற்கதை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர மறுக்குமிடத்துத் தடையாக நிற்பது சொற்பற்றாக்குறை அன்று. மணம், சொத்துரிமை, உறவுமுறை ஆகியவற்றின் அமைப்பு வேறுபாடே அத்தடை. அதனை இனங்கண்ட மொழிபெயர்ப்பாளரே கதையாசிரியர் ஆனார் என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

1. பாலக்காடு: இரு மொழிகள், இரு மணமுறைகள்

மலபார் மாவட்டம் 1800ஆம் ஆண்டு முதல் சென்னை மாகாணத்தின் பகுதியாக விளங்கியது. பாலக்காடு அம்மாவட்டத்தின் கிழக்கு வாயில். மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியாகிய பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தமிழ்நிலமும் மலையாளநிலமும் நெடுங்காலமாகத் தொடர்பு கொண்டிருந்தன. சென்னையையும் மேற்குக் கடற்கரையிலுள்ள பேப்பூரையும் இணைத்த இருப்புப்பாதை 1862ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியபோது இத்தொடர்பு மேலும் விரைவுற்றது. பட்டப்படிப்பிற்காகச் சென்னை சென்ற மலையாள இளைஞர்களும், அரசுப்பணியின் பொருட்டு மாகாணமெங்கும் மாற்றலாகிச் சென்ற அலுவலர்களும் இவ்வழியே பயணம் செய்தனர். ‘இந்துலேகா’வின் தலைவன் மாதவனும் சென்னையில் ஆங்கிலக் கல்வி பெற்றவனாகவே படைக்கப்பட்டுள்ளான்.

மொழியைப் போலவே மணமுறையும் இப்பகுதியில் இரட்டைத்தன்மை உடையதாக இருந்தது. கல்பாத்தி முதலிய அக்கிரகாரங்களில் தமிழ் பேசும் பிராமணர் வாழ்ந்தனர். அவர்களிடையே பெண்ணுக்குப் பூப்பெய்துமுன் மணம் முடித்தல் மரபு. அவர்களை அடுத்து வாழ்ந்த நாயர் குடும்பங்கள் மருமக்கள்தாய முறையைப் பின்பற்றின. அங்குச் சொத்து தாய்வழியே இறங்கியது. தறவாட்டின் மூத்த ஆண்மகனாகிய காரணவர் அதனை ஆண்டார். ஆண் பெண் உறவு ‘சம்பந்தம்’ எனப்பட்டது. சம்பந்தத்தை எளிதாகத் தொடங்கலாம். எளிதாக விடவும் செய்யலாம். ஆங்கிலேயர்கால நீதிமன்றங்கள் அதனைச் சட்டப்படி செல்லுபடியாகும் திருமணமாக ஏற்கவில்லை. ஓர் ஊரின் இரு தெருக்களில் காதலும் மணமும் இவ்வாறு இருவேறு வரிசைகளில் அமைந்திருந்தன. இம்மண்ணில் காதற்புதினம் எழுத முனைந்தவர் எவரும் இவ்வரிசை பற்றிய வினாவைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது.

2. ‘குந்தலதா’: தொலைவுக்கு மாற்றப்பட்ட கதை

மலையாளத்தின் முதற்புதினம் எனப் பெரும்பாலான இலக்கிய வரலாற்றாசிரியர்கள் ‘குந்தலதா’வைக் குறிப்பிடுவர். ஆங்கிலம் அறியாத வாசகர்க்கு, சிறப்பாகப் பெண்களுக்கு, இன்பமும் அறிவும் தரும் வாசிப்புநூல் வேண்டும் என்பது அதன் ஆசிரியரின் நோக்கம். பெண்கல்வியில் ஈடுபாடு கொண்டிருந்த அப்பு நெடுங்காடி, பின்னர் 1899ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் நெடுங்காடி வங்கியைத் தோற்றுவித்தவர் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

கதைக்கருவுக்காக அவர் மேற்கொண்ட வழி இடமாற்றம் ஆகும். கதை கலிங்க நாட்டில் நிகழ்கிறது, காலம் தெளிவற்ற பழங்காலம், மாந்தர் அரசகுலத்தினர், பெயர்கள் வடமொழிப் பெயர்கள். தன் பிறப்பை அறியாது வனத்தில் வளரும் இளவரசி, மாறுவேடம், போர், இறுதியில் உண்மை வெளிப்பட்டு மணம் நிறைவேறல் ஆகியவை கதையின் கூறுகள். சேக்சுபியரின் ‘சிம்பலின்’ நாடகம், சர் வால்டர் ஸ்காட்டின் ‘ஐவன்கோ’ ஆகியவற்றின் சாயல் இதில் காணப்படுவதை ஆய்வாளர் சுட்டியுள்ளனர்.

இவ்விடமாற்றத்தால் ஆசிரியர்க்கு விளைந்த நன்மை வெளிப்படை. கலிங்கத்து இளவரசியிடம் அவளது தறவாடு எது என்று எவரும் வினவுவதில்லை. அவளை மணப்பவன் எவ்வகை மணம் செய்கிறான் என்னும் ஐயமும் எழுவதில்லை. அயல்நாட்டுக் கதைக்கூறுகள் உராய்வின்றி அமர்வதற்கு வேண்டிய வெற்றிடத்தைப் பழங்காலமும் தொலைநாடும் அளித்தன. ஆனால் அவ்வெற்றிடமே மொழியையும் பாதித்தது. எந்த வீட்டிலும் பேசப்படாத பேச்சை மாந்தர் பேச வேண்டியதாயிற்று. உரையாடல்கள் ஏட்டு நடையில், வடசொல் மிகுந்து அமைந்தன. இடம் தொலைவானபோது மொழியும் தொலைவாயிற்று என்று இதனைச் சுருங்கக் கூறலாம்.

3. ‘இந்துலேகா’: மொழிபெயர்ப்பு முயற்சியும் அதன் முறிவும்

மலபாரில் முன்சீபாகப் பணியாற்றிய சந்துமேனன், 1886ஆம் ஆண்டின் இறுதியில் கோழிக்கோட்டை விட்டு நீங்கிய பின் ஆங்கிலப் புதினங்களை இடையறாது வாசிக்கத் தொடங்கினார். இதனால் அவரோடு உரையாடிப் பொழுது கழித்து வந்த நெருங்கிய வட்டத்தார் தாம் புறக்கணிக்கப்பட்டதாக உணர்ந்தனர். அவர்களை மகிழ்விக்கும்பொருட்டு, தாம் படித்த கதைகளை அவர் மலையாளத்தில் வாய்மொழியாகக் கூறலானார். முதலில் அக்கதைகள் அவர்களைக் கவரவில்லை. பின்னர் டிசுரேலியின் ‘என்ரியெட்டா டெம்பிள்’ என்னும் புதினம் அவ்வட்டத்தில் ஒருவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அவர் ஆசிரியரின் மனைவியே எனக் கருதப்படுகிறது. அக்கதையை எழுத்தில் பெயர்த்துத் தருமாறு அவர் வற்புறுத்தினார்.

சந்துமேனன் மொழிபெயர்க்கத் தொடங்கினார். சிறிது தொலைவு சென்றதும் கைவிட்டார். அவர் கூறும் காரணங்கள் மொழிபெயர்ப்பியலார் ஊன்றி நோக்கத்தக்கவை. வாய்மொழியாகக் கதை கூறும்போது ஆங்காங்கே விளக்கம் சேர்க்கலாம். குரலும் மெய்ப்பாடும் துணைசெய்யும். கேட்போர் ஐயத்தை உடனே களையலாம். எழுத்தில் இவ்வசதிகள் இல்லை. விளக்கங்களை எல்லாம் மொழிபெயர்ப்பினுள்ளேயே புகுத்தினால் கதை குழம்பிச் சிதையும். இவற்றிற்கு மேலாக, ஆங்கிலப் புதினத்தின் சிருங்காரப் பகுதிகளை நேராகப் பெயர்த்தால் அவை மலையாளத்தில் அழகிழந்துபோகும் என்று அவர் கண்டார்.

வாய்மொழியில் இயன்றது எழுத்தில் இயலாது போனது என்பது இங்குச் சிந்திக்கத்தக்கது. சொல் இல்லாமை காரணமாயின் வாய்மொழியிலும் அக்கதை தோற்றிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. கேட்பவர்க்கும் கூறுபவர்க்கும் இடையே விளக்கம் வாழ இடமிருந்தது. அச்சிட்ட பக்கத்தில் அவ்விடம் இல்லை. விளக்கம் வேண்டாத கதை ஒன்றே எழுத்தில் நிற்கும் என்னும் முடிவுக்கு வந்த சந்துமேனன், தாமே ஒரு புதினம் எழுதத் துணிந்தார். அப்பணி 1889ஆம் ஆண்டு சூன் 11ஆம் நாள் தொடங்கி ஆகசுட்டு 17ஆம் நாள் நிறைவுற்றதாக அவரே குறித்துள்ளார். ஆங்கில நாவல் ‘மாதிரி’யில் எழுதப்பட்ட கதை என்று அந்நூல் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. இரு மொழிகளுக்கும் பொதுவான ‘மாதிரி’ என்னும் சொல், மொழிபெயர்ப்புக்கும் தழுவலுக்கும் அப்பாற்பட்ட மூன்றாவது உறவு ஒன்றைக் குறித்து நிற்கிறது.

வியப்பூட்டும் நிகழ்ச்சிகள் இல்லாமல் அன்றாடம் நடக்கக்கூடியவற்றை எழுதினால் யார் படிப்பர் என்று நண்பர் ஒருவர் வினவியதையும் அவர் பதிவு செய்துள்ளார். அவ்வினாவுக்கு ஓவியத்தைச் சான்றாகக் காட்டி அவர் விடையிறுக்கிறார். இயற்கையில் காணவியலாத உருவங்களையே விரும்பிய மக்கள், உள்ளதை உள்ளவாறு காட்டும் எண்ணெய்வண்ண ஓவியங்களைக் கண்டபின் அவற்றையும் விரும்பத் தொடங்கினர். கதையிலும் அவ்வாறே நிகழும் என்பது அவர் நம்பிக்கை. முதற்பதிப்பு சில மாதங்களிலேயே விற்றுத் தீர்ந்து, 1890ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு வெளிவந்தது அந்நம்பிக்கைக்குச் சான்றாயிற்று.

4. கதைக்கருவின் மறுஅமைப்பு

‘என்ரியெட்டா டெம்பிள்’ 1837ஆம் ஆண்டு வெளிவந்தது. கடனில் மூழ்கிய குடும்பத்தின் வாரிசு ஒருவன், செல்வம் பெறவிருக்கும் உறவுப்பெண்ணுக்கு மணவுறுதி தந்தபின், வேறொருத்தியிடம் கண்டதும் காதல் கொள்கிறான். தந்தைவழிச் சொத்துரிமையும், மீறினால் இழுக்குத் தரும் மணவுறுதியும் இக்கதையை இயக்கும் இரு விசைகள். மருமக்கள்தாயக் குடும்பத்தில் இவ்விரண்டுமே இயங்கா. தந்தையின் சொத்து மகனுக்கு இறங்குவதில்லை. எளிதில் விடத்தக்க உறவுக்கு முன்னுறுதி பெருஞ்சுமை ஆவதுமில்லை. காதற்பகுதிகள் பெயர்ப்பில் சுவையிழந்ததற்கு, அவற்றைத் தாங்கி நின்ற இவ்வடித்தளம் இல்லாமையும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

சந்துமேனன் அவ்விசைகளுக்கு ஈடானவற்றைத் தம் சமூகத்திலேயே கண்டார். தறவாட்டைச் சேர்ந்த சிறுவன் ஒருவனை ஆங்கிலக் கல்விக்கு அனுப்பும் செலவைக் காரணவர் பஞ்சுமேனன் மறுக்கிறார். மாதவன் எதிர்த்துப் பேசுகிறான். வெகுண்ட காரணவர் தம் பேத்தி இந்துலேகாவை அவனுக்குத் தருவதில்லை எனச் சூளுரைக்கிறார். வாரிசுரிமையின் இடத்தைத் தறவாட்டுச் செலவின் மீதான அதிகாரம் பெற்றுக்கொண்டது. உறவுமுறையும் நுட்பமாகப் பயன்படுத்தப்பட்டுள்ளது. மாதவன் பஞ்சுமேனனின் தறவாட்டைச் சேர்ந்தவன். இந்துலேகா அவருடைய மகளின் மகள், ஆதலின் அவர் மனைவியின் தறவாட்டினள். ஒருவரின் மருமகன்வழி இளைஞனும் பேத்தியும் வெவ்வேறு குடும்பத்தினர் ஆவது தாய்வழி முறையின் தனித்தன்மை.

கதையின் திருப்பமும் மணமுறையிலிருந்தே எழுகிறது. இந்துலேகாவை நாடி வரும் சூரி நம்பூதிரிப்பாடு அவளால் மறுக்கப்பட்டு, அதே வீட்டுக் கல்யாணிக்குட்டியைச் சம்பந்தம் செய்து அழைத்துச் செல்கிறார். அவர் அழைத்துச் சென்றது இந்துலேகாவையே என்று ஊரில் பேச்சுப் பரவுகிறது. அதனை நம்பிய மாதவன் மனமுடைந்து வடநாடு செல்கிறான். ஓரிரவில் ஆரவாரமின்றி முடிந்துவிடும் சம்பந்தம் வழக்கில் இருந்தமையால்தான் இவ்வதந்தி நம்பத்தக்கதாயிற்று. நாள் குறித்து, ஊரைக் கூட்டி நடத்தும் மணமுறையில் இத்திருப்பத்திற்கு இடமே இல்லை.

5. காதல்மொழியின் தேர்வு

இந்நூலின் மொழிநடை பற்றியும் ஆசிரியர் தம் கருத்தைத் தெளிவாக்கியுள்ளார். வடமொழிப் புலமை இல்லாத மலையாளிகள் வீட்டில் பேசும் மலையாளத்தையே தாம் கையாண்டதாக அவர் கூறுவர். வருணனைப் பகுதிகளில் பழைய மரபு முற்றிலும் நீங்கவில்லையாயினும், உரையாடல்களில் இக்கொள்கை வெற்றி பெற்றுள்ளது.

இதில் குறிப்பிடத்தக்கது மொழிப்பங்கீடு. அதுவரை மலையாளத்தில் காதலுக்குரிய உயர்மொழி வடமொழிச் சுலோகமும் கதகளிப் பதமும் ஆகும். சந்துமேனன் அவ்வுயர்மொழியைச் சூரி நம்பூதிரிப்பாட்டிடம் ஒப்படைத்தார். அவர் இந்துலேகாவின் முன்னிலையில் சுலோகம் சொல்ல முயன்று, அது நினைவுக்கு வராமல் தடுமாறுகிறார். உடன் வந்த செறுசேரி நம்பூதிரியின் உதவியை நாடுகிறார். மாதவனும் இந்துலேகாவும் பேசுவதோ வீட்டுமொழி. அவர்கள் ஊடுகின்றனர், வாதிடுகின்றனர். மலையாளப் பெண்டிரின் ஒழுக்கத்தை மாதவன் இகழ்ந்துரைத்தபோது, விரும்பியவனை ஏற்கவும் விரும்பாதவனை விலக்கவும் தம் மரபு தரும் உரிமையை இந்துலேகா எடுத்துக்காட்டி மறுக்கிறாள். காதல் உரையாடல் என்பது மறுக்கும் உரிமை உடைய இருவரிடையே நிகழ்வது என்னும் புரிதல் இதில் உள்ளது. ஆங்கிலத்தில் அவ்வுரையாடலைத் தாங்கியது மணவேட்கை மரபு. மலபாரில் அதனைத் தாங்கியது சம்பந்தத்தின் நெகிழ்ச்சி. மொழிபெயர்ப்பில் கிடைக்காத நிகரன் சமூக வழக்கில் கிடைத்தது.

6. தமிழ்ப்புதினங்களுடன் ஒப்பீடு

அதே மாகாணத்தில் தமிழ்ப்புதினமும் இவ்வினாவை எதிர்கொண்டது. ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் ஆசிரியர் வேதநாயகம் பிள்ளையும் சந்துமேனனைப் போன்றே முன்சீபாகப் பணியாற்றியவர். அந்நூலில் ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு நாடாள்கிறாள். பெண்ணின் சொல்லுக்கு வலிமை தருவதற்குக் ‘குந்தலதா’வைப் போன்று மாறுவேடமும் வேற்றுநாடும் துணையாகின்றன.

பி. ஆர். ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடராக வந்தது. அ. மாதவய்யாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ 1898ஆம் ஆண்டு முதல் வெளிவந்தது. இவ்விரண்டும் பிராமணக் குடும்பங்களைக் களமாகக் கொண்டவை. அங்கு மணம் இளமையிலேயே முடிந்துவிடுவதால், காதல் மணத்திற்குப் பின்னரே தோன்ற இயலும். எனவே தடையும் மணத்திற்குள்ளேயே தேடப்பட்டது. ஊரார் பழிச்சொல்லும் கணவனின் ஐயமும் கதையை நகர்த்தும் விசைகளாயின. ‘இந்துலேகா’விலும் வதந்தியே திருப்பத்தை உண்டாக்குகிறது. ஆனால் அங்கு அது மணத்தைத் தடுக்கிறது. தமிழில் அது மணத்தைச் சிதைக்கிறது. ஒரே கூறு, மணமுறையின் வரிசைக்கேற்ப, கதையின் இருவேறு இடங்களில் அமர்ந்துள்ளது. கல்பாத்தித் தெருவுக்கும் அதனை அடுத்த நாயர் தறவாட்டுக்கும் இடையிலிருந்த வேறுபாடு இவ்வாறு இரு மொழிப் புதினங்களின் வேறுபாடாக வெளிப்பட்டது.

7. சொற்களின் எல்லை

மேற்கூறியவற்றால் தமிழ்–மலையாள மொழிபெயர்ப்பாளர்க்கு ஓர் எச்சரிக்கை கிடைக்கிறது. ஆங்கிலத்திலிருந்து பெயர்க்குங்கால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். மலையாளத்திலிருந்து தமிழுக்குப் பெயர்க்குங்கால், பொதுச்சொற்கள் அவ்வேறுபாட்டை மறைத்துவிடும். தமிழில் ‘சிநேகம்’ பெரும்பாலும் நட்பு. மலையாளத்தில் அது அன்பையும் காதலையும் தழுவும். தமிழில் ‘காதல்’ ஆண் பெண் விருப்பம். இன்றைய மலையாள வழக்கில் அது முதன்மையாக மரத்தின் வயிரம், உட்சாரம். தமிழில் ‘இஷ்டம்’ பெரும்பாலும் விருப்புரிமை. மலையாளத்தில் அது பிடித்தமும் ஆகும்.

இவற்றினும் கடினமானவை மணச்சொற்கள். தமிழில் தாலி கட்டுதல் மணம் நிறைவுற்றதைக் காட்டும். பழைய நாயர் வழக்கில் ‘தாலிகெட்டுக் கல்யாணம்’ பூப்புக்கு முன் நிகழும் ஒரு சடங்கு. தாலி கட்டியவன் கணவன் ஆகவேண்டும் என்பதில்லை. கணவனாக அமைபவன் பின்னர்ச் ‘சம்பந்தம்’ செய்பவன். தமிழிலோ ‘சம்பந்தம்’ இரு குடும்பங்களின் கொள்வினை கொடுப்பினை. இச்சொல்லை அவ்வாறே வைத்தால் தமிழ் வாசகர் தம் பொருளை அதில் ஏற்றுவர். ‘திருமணம்’ என்று பெயர்த்தால் கதையின் வதந்தி நம்பத்தகாததாகிவிடும்.

சம்பந்தம் மணமா என்பது அக்காலத்தில் சட்டத்தின் வினாவாகவும் இருந்தது. அதனை ஆராய 1891ஆம் ஆண்டு தி. முத்துசாமி ஐயர் தலைமையில் மலபார் மணக்குழு அமைந்தது. அதில் உறுப்பினராயிருந்த சந்துமேனன், சம்பந்தம் ஏற்கெனவே மணமே என வாதிட்டுப் பெரும்பான்மையினரிடமிருந்து வேறுபட்டார். 1896ஆம் ஆண்டின் மலபார் மணச்சட்டம் பதிவுக்கு வழிசெய்தும் மிகச்சிலரே அதனைப் பயன்படுத்தினர். 1933ஆம் ஆண்டின் சென்னை மருமக்கள்தாயச் சட்டமே அவ்வுறவைப் பரவலாகச் சட்டமணம் ஆக்கியது. புதினத்தில் ஒரு சொல்லுக்குப் பொருள் கண்டவர், குழுவில் அதே சொல்லுக்காக வழக்காடினார் எனலாம்.

முடிவுரை

ஆங்கிலப் புதினம் ஒன்றை மலையாளத்தில் பெயர்க்க இயலாமற் பிறந்த ‘இந்துலேகா’, 1890ஆம் ஆண்டிலேயே டூமர்க்கால் ஆங்கிலத்திற்குப் பெயர்க்கப்பட்டது. விளக்கம் வேண்டாத கதையை நாடிய ஆசிரியர், அயல்மொழி வாசகர்க்காகக் கடிதம் வழியே விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. விளக்கத்தின் சுமை நீங்கவில்லை, அது திசைமாறியது.

இன்று பாலக்காட்டின் சித்தூர்ப் பகுதியிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீருமேடு, உடும்பஞ்சோலைப் பகுதிகளிலும் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குகின்றன. அங்கு வாழும் இருமொழியாளர் ஒருவர் ‘சிநேகம்’ என்னும்போது எம்மொழியின் பொருளைக் கருதுகிறார் என்பதைச் சொல் காட்டாது. அவர் பேசும் இடமும் கேட்பவரும் காட்டுவர். காதற்புதினத்திற்குக் கரு தேடுவோரும் அதனைப் பெயர்ப்போரும் தொடங்க வேண்டிய இடம் இதுவே. ஒரு சமூகத்தில் விருப்பத்தை யார் யாரிடம் எப்போது சொல்ல இயலும், அச்சொல்லை யார் மறுக்க இயலும் என்பதை அறிந்தபின்னரே அதற்குரிய சொல்லைத் தேடுதல் பயன்தரும். சந்துமேனன் கைவிட்ட மொழிபெயர்ப்பு உணர்த்துவது இவ்வரிசையையே.